கடைசிப் படத்தில் பெரியப்பா

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், கோடி அறையில் ஒரு கிழவர் இருந்தார். சரியான பிடிவாதக்காரர். அவருடைய பெரியப்பா இளவயதில் டென்மார்க்கை விட்டு அமெரிக்காவுக்குப் போய், ஊமைப்படக் காலத்தில் நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தவராம். ஒன்றிலும் கதாநாயகன் இல்லை. சமையற்காரன், நீதிபதி, குடிகாரன் என்று இரண்டு நிமிடம் முகத்தைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

கிழவருக்குப் பார்வை மங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டேப்லெட்டில் ஒரு படத்தைப் போட்டு, பெரியப்பாவைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. ஒட்டுத்தாடியும் பொய்மூக்கும் என்னை ஏமாற்றாது. மனுசன் எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் இடது தோளைத்தான் உள்ளே விடுவார். "வந்திட்டார்" என்பேன். கிழவர் கைதட்டுவார். என் சொந்தப் பெரியப்பாவைக்கூட நான் இப்படித் தேடியதில்லை.

பிறகு கிழவரின் சாப்பாடு குறைந்தது. கிடைத்த படங்களிலும் பார்க்க ஒன்றுதான் மிச்சம்.

"அதிலையும் அவர் வந்திட்டா என்ரை அலுவல் முடிஞ்சுது" என்றார். டேனிஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அன்று செவ்வாய். என்னோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை காதருகே வந்து, "இண்டைக்குப் போடாதேங்கோ அண்ணை" என்றாள். இன்டர்நெட் இல்லை என்று கிழவரிடம் புளுகினேன். புதன்கிழமை, இராகுகாலம் கழியும் வரை இருந்துவிட்டுத்தான் படத்தைப் போட்டேன். டென்மார்க்கில் இராகுகாலம் பார்த்தவன் நான்.

படத்தில் ஒரு நோயாளி கட்டிலில் கிடந்தான். கதவு திறந்தது. கறுப்பு அங்கி போட்ட பாதிரியார் ஒருவர் உள்ளே வந்தார். முதலில் வந்தது இடது தோள்.

"வந்திட்டாரோ?" என்றார் கிழவர்.

"இல்லை. இன்னும் வரேல்லை."

பாதிரியார் கட்டிலருகே குனிந்தார். படம் முடியும் வரை கிழவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் இல்லை, இல்லை என்றே சொன்னேன். மனுசனைக் காப்பாற்றிவிட்டதாக ஒரு நினைப்பு, மடையன் எனக்கு.

போர்வையை இழுத்துவிட்டு, வழக்கம்போலக் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதை" என்றார் கிழவர். "அவர் இனித்தானே வரவேணும்."