தூத்துக்குடியில் ஒரு ஹவில்தாருக்கு அறை தேடிய கதை

இது முத்துக்குளித்துறையின் அழகைப் பார்க்கப் போன பயணம் அல்ல. அழகு வேண்டுவோர் வேறு வலைப்பூவைப் பார்க்கவும். கோபத்தில் கிளம்பி, கோபத்தில் சுற்றி, அதைவிடப் பெரிய கோபத்தோடு திரும்பி வந்த பயணம் இது. ஆனாலும் உங்களில் சிலருக்கு இதே பயணம் தேவைப்படும். அதனால் பேருந்துக் கட்டணம் முதல் அறை வாடகை வரை எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

போன ஆகஸ்ட் பதினைந்து அன்று என் அக்கா மகள் செல்வி தூத்துக்குடியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் அங்கே ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் தெருக்காரர்கள் நடத்திய கொடியேற்று விழா. பச்சைத் தொப்பி வைத்த ஒரு மனிதர் சல்யூட் அடிக்கிறார். அந்த விறைப்பைப் பார்த்துக் கொடிக்கம்பமே கூச்சப்பட்டு நிமிர்ந்திருக்கும். பிறகு அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள், கைதட்டுகிறார்கள், மிட்டாய் கொடுக்கிறார்கள். முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொன்ராஜ். சாயர்புரம் பள்ளியில் ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் புளிசாதத்தில் பாதியைத் தின்று, அந்தத் தெம்பிலேயே ராணுவத்துக்குப் போனவன்.

செல்வியைக் கூப்பிட்டு அவன் வீடு எங்கே என்று கேட்டேன்.

"வீடா? அவரு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மூடிக் கெடக்குற கிடங்கு வாசல்லல்லா படுத்திருக்காரு மாமா. தெனமும் வேலைக்குப் போகையில பாக்கேன். எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் என்னைக் கொண்டுபோய் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் உட்காரவைத்திருந்தால் ஒரு வாரத்துக்கு நிலக்கரிச் செலவு மிச்சம்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, மதுரை மாட்டுத்தாவணியில் காலை 5.10 பேருந்து. கட்டணம் நூற்று நாற்பது ரூபாய், தூரம் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். ஜன்னலோர இருக்கையை நான்கு திசைகளிலிருந்தும் வந்த படையெடுப்புகளை முறியடித்துப் பிடித்தேன். எட்டே காலுக்குப் புதிய பேருந்து நிலையம். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நூற்றைம்பது கேட்பார்கள். என் போன்ற பேரப் பேரரசர்கள் எண்பதில் முடிப்பார்கள்.

பொன்ராஜ் கிடங்கு வாசல் படியில், சவரம் செய்த முகத்தோடு, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாலாக மடித்த படுக்கை. கிட்டே போய்ப் பார்த்தால் அது முழுக்கப் பொன்னாடைகள். சரிகைக்கரை போட்ட பச்சை, சிவப்பு, ஊதா. ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் இந்த ஊர் அவன் தோளில் போர்த்தியவை. அதைத்தான் விரித்துப் படுக்கிறான். போர்த்தின கைகளில் ஒன்றுகூட, கழுத்துக்கு மேலே கூரை இருக்கிறதா என்று கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "என்னலே, தலைமுடிய எங்க வித்த?"

"நீ வீட்ட எங்கலே வித்த?" என்றேன்.

விற்கவில்லை. கட்டினான். மாப்பிள்ளையூரணியில், அண்ணன் பெயரில் இருந்த இடத்தில். எல்லைக் காவலில் இருந்துகொண்டு மாதாமாதம் பணம் அனுப்பிக் கட்டிய மாடி வீடு. பத்திரம் எழுத லீவு கிடைக்கவில்லை, 'அண்ணன் பேர்ல இருந்தா என்ன, என் பேர்ல இருந்தா என்ன' என்று விட்டுவிட்டான். ராணுவத்துக்குப் போன நம் பிள்ளைகளில் பாதிப்பேர் செய்கிற தப்பு இது. எதிரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பவன், சொந்த வீட்டுப் பட்டாவைப் பார்க்கமாட்டான். மனைவி இறந்தாள், பிள்ளை இல்லை. பிறகு அண்ணனும் போனார். அண்ணன் மகனுக்குக் கல்யாணம் ஆனது. மாடி அறை புது மருமகளுக்குத் தேவைப்பட்டது.

"நீயாவே வெளிய வந்தியா, அனுப்புனானா?"

"ரெண்டும்தான். என் தட்ட தனியா கழுவி வச்சாவ. நான் பொறப்பட்டேன்."

ஆட்டோ பிடித்து மாப்பிள்ளையூரணிக்குப் போனேன். ஆறு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். பொன்ராஜ் வரமாட்டேன் என்றுவிட்டான். வீட்டைக் கண்டுபிடிப்பது எளிது, ஏனென்றால் முகப்பில் சிமெண்டில் பெரிய எழுத்தில் பெயர் பதித்திருக்கிறது: ராணுவ இல்லம். அதற்கு மேல் சிமெண்டிலேயே இரண்டு துப்பாக்கிகள் குறுக்காக. அந்தத் துப்பாக்கிகள் மட்டும் சுடுமானால் அன்றைக்கே நான் ஒரு போரை நடத்தி முடித்திருப்பேன்.

அண்ணன் மகன் மரியாதையான பையன். காபி கொடுத்தான். "சித்தப்பா கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாவ அண்ணாச்சி. நாங்க எத்தன தடவ கூப்புட்டோம் தெரியுமா."

"வந்தா எங்க படுப்பான்?"

மாடியைப் பார்த்தான், கீழே பார்த்தான், காபியைப் பார்த்தான். "வராந்தாவுல கட்டில் போடலாம்" என்றான்.

காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். என் வாழ்நாளில் நான் மீதம் வைத்த முதல் காபி அது, நம்புங்கள். திரும்பி வந்து, கேஸ் போடு என்று பொன்ராஜிடம் குதித்தேன். "அவன என் தோள்ல வச்சி கோயில் கொடை பாக்கக் கூட்டிட்டுப் போயிருக்கேம்லே. கோர்ட்டுல அவனுக்கு எதுத்தாப்புல நிக்கச் சொல்லுதியா?" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, பென்ஷன் வருகிறதே, வாடகைக்கு அறை எடுக்கவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவன் சிரித்தான். "நீயே கூட்டிட்டுப் போ. வேடிக்கை பாரு."

அவனுடைய கறுப்பு டிரங்குப் பெட்டி சைக்கிள் ஸ்டாண்டில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில், டோக்கன் கட்டி நிற்கிறது. மாதம் இருநூறு ரூபாய். பெட்டிக்கு இந்த ஊரில் நிழல் உண்டு. இரவில் மட்டும் தங்கும் அரசு விடுதி ஒன்று இருக்கிறது; அங்கே பாய் கொடுப்பார்கள், காலையில் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டும். அதன் காவலர் நல்ல மனிதர், பாவம், விதி அவர் எழுதியது இல்லை. ஒரு ராத்திரிக்குத் தீர்வு தர அரசாங்கத்துக்கும் தெரிகிறது, ஆண்டுக்கு இரண்டு நாள் தீர்வு தர தெருக்காரர்களுக்கும் தெரிகிறது. மிச்ச வாழ்க்கைக்குத்தான் ஆள் இல்லை.

முதலில் பார்த்த அறை, கடைவீதியில் ஓர் இரும்புக்கடை அண்ணாச்சிக்குச் சொந்தமானது. நாலு அறைகள், ஒன்று காலி. பொன்ராஜைக் கண்டதும் அண்ணாச்சி எழுந்து நின்று கும்பிட்டார். "நம்ம விழாவுல இவங்களுக்கு நாந்தான் பொன்னாடை போத்துனேன்" என்றார். சோடா வந்தது. நான் மனதுக்குள் வெற்றி ஊர்வலமே நடத்திவிட்டேன். பிறகு கேட்டார்:

"குடும்பமா வாரீங்களா?"

"ஒத்தை ஆளு."

அண்ணாச்சி சோடாப் பாட்டிலை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார். "தப்பா எடுத்துக்கிடக் கூடாது. வயசான ஆளு, தனியா இருக்காவ. நாளைக்கு ஒண்ணு ஆயி, அது அடைப்புல விழுந்துட்டா நான் என்ன செய்ய?"

தெரியாத வெளியூர்க்காரர்களுக்கு: அவிட்டம் முதலான சில நட்சத்திரங்களில் யாராவது இறந்தால் அது அடைப்பு. அந்த அறையை மாதக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டும் என்பது வழக்கம். மற்ற அறைகளில் இருப்பவர்களும் பயந்து காலி செய்துவிடுவார்கள். ஆக, உயிரோடு எதிரில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருப்பவனை, அவன் இன்னும் சாகாத நட்சத்திரத்தைச் சொல்லி வெளியே அனுப்பினார் அண்ணாச்சி.

"எந்த நட்சத்திரத்துல சாவணும்னு நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, அதுக்கேத்தாப்புல பாத்துக்கிடுதேன்" என்றான் பொன்ராஜ். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பேசிய பேச்சை இங்கே எழுதினால் வலைப்பூவை மூடிவிடுவார்கள். பனிமலையில் குளிரில் நின்றபோது இவன் எந்த நட்சத்திரம் என்று நீங்கள் கேட்டீர்களா என்பது மட்டும் அதில் அச்சுக்குத் தகுதியான வரி.

மதியத்துக்குள் இன்னும் மூன்று வீடுகள். ஒருவர் குடும்பத்துக்கு மட்டும் என்றார். ஒருவர் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். மூன்றாமவர் கேட்டைத் திறக்காமலே பேசினார். மூன்று பேரும் இவனுக்குக் கும்பிடு போட்டார்கள். கும்பிடுக்கு வாடகை கொடுத்தால் பொன்ராஜ் அரண்மனை கட்டியிருப்பான்.

கடைசியில் செல்விதான் திரேஸ்புரத்தில் பிலோமி அக்காவைச் சொன்னாள். கடற்கரைப் பக்கம், கீழே வலையும் நங்கூரக் கயிறும் வைக்கிற அறை, மேலே ஒரே அறை, வெளியே தனிப் படிக்கட்டு. கணவர் விசைப்படகில் போகிறவர். அக்கா மீன் கழுவிக்கொண்டே எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு இவிய உங்களுக்கு?"

"என் மச்சான்" என்றேன். பொன்ராஜ் இருமினான்.

"ரெண்டாயிரத்து ஐநூறு வாடக. தண்ணி நீங்கதான் தூக்கிக்கிடணும். ஒண்ணு கேக்கேன், கோவிச்சிக்கிடாதீய அண்ணேன். இவிய செத்துப்போனா யாரு வந்து எடுப்பா?"

என் தலைக்குள் மறுபடி அனல்மின் நிலையம். வாயைத் திறந்து, இந்தியத் திருநாட்டின் வடக்கு எல்லையிலிருந்து என் உரையைத் தொடங்கினேன். பொன்ராஜ் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"சும்மா இருலே. அவிய கேக்கது சரிதான். பட்டாளத்துல சேந்த மொத நாளே இதத்தான் கேட்டாவ. நீ செத்தா யாருக்குச் சொல்லணும்னு. நான் அண்ணன் பேரச் சொன்னேன்."

பிலோமி அக்கா மீனைக் கீழே வைத்தார். "அடைப்பு கிடைப்புல்லாம் எங்களுக்குக் கெடையாது அண்ணேன். வீட்டுக்காரரு பத்து நாளு கடல்ல கெடப்பாரு. நான் ஒத்தப் பொம்பள, ராத்திரியில எவனக் கூப்புடுவேன்? அதுக்குத்தான் கேட்டேன்."

இதுவரை கேட்ட எல்லா மறுப்பும் இதே பயம்தான். மற்றவர்கள் அதை நட்சத்திரத்துக்கும் மகனுக்கும் பின்னால் ஒளித்துவைத்தார்கள். இந்த அம்மா நேராகக் கேட்டுவிட்டார். நேரான கேள்விக்கு நேரான பதில் உண்டு. என் பெயர், மதுரை முகவரி, செல்வியின் முகவரி எல்லாம் சொன்னேன். "நான் வந்து எடுப்பேன். எந்த நேரமானாலும். நான் வரும்வரைக்கும் என் அக்கா மகள் வந்து நிப்பா."

அக்கா தலையாட்டி, அறையைக் காட்ட மேலே கூட்டிப்போனார். பொன்ராஜ் மட்டும் சம்மதிக்கவில்லை.

"நீ முந்திக்கிட்டா?"

"என்னது?"

"உனக்கு சுகரு இருக்கு, பிரஷரு இருக்கு. படியேறி வாரதுக்குள்ள மூணு தடவ உக்காந்த. நீ முந்திக்கிட்டா நான் மதுரைக்கு வந்து உன்ன எடுப்பேன். அதுக்கு நீ ஒத்துக்கிட்டாத்தான் நான் இதுக்கு ஒத்துக்கிடுவேன். தர்மத்துக்கு எனக்கு எதுவும் வேண்டாம்."

ஒத்துக்கொண்டேன். எனக்கு இரண்டு மகன்கள், ஒரு மனைவி, தூக்குவதற்கு நாற்பது சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் பேரம் பேசுவதில் பேரரசனாகிய நான் அன்றைக்குத் தோற்றேன். சாயங்காலமே முன்பணம் அவன் கையால் கொடுத்தான், ஒப்பந்தம் அவன் பெயரில் எழுதினோம். பெட்டியை ஏற்றிவர குட்டி யானை வண்டி முந்நூறு ரூபாய்.

இனி, இதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு. அறைக்காரர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்: இவருக்கு ஏதாவது ஆனால் நான் பொறுப்பு என்று. ஒருவர் போதாது, உள்ளூரில் ஒருவர், வெளியூரில் ஒருவர் வேண்டும். ஒப்பந்தத்தை அவர் பெயரில் போடுங்கள், உங்கள் பெயரில் போட்டால் நாளைக்கு நீங்களும் ஓர் அண்ணன் மகன் ஆகலாம். பணியில் இருக்கும் பிள்ளைகளே, வீடு கட்டுமுன் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், அண்ணன் தெய்வமாகவே இருந்தாலும் சரி. விழாக் குழுவினரே, உங்கள் தெருவில் காலி அறை வைத்திருப்பவர்கள் நீங்கள்தான், எனக்குத் தெரியும். அடுத்த விழாவில் மைக் பிடிக்கும்போது அதில் ஒன்றின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். சாவி இல்லாவிட்டால் மைக்கையும் பிடிக்காதீர்கள்.

திரும்பும் பேருந்து இரவு ஏழரைக்கு, அதே நூற்று நாற்பது. மக்ரூன் கால் கிலோ வாங்கினேன், கோவில்பட்டி வருவதற்குள் தீர்ந்தது.

மூன்றாம் நாள் பொன்ராஜ் போன் செய்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது. உடம்புக்கு என்ன என்று பதறினேன்.

"ஒண்ணுமில்லலே. மணி என்ன இப்ப?"

"ஒன்பதே கால்."

"இப்பத்தான் முழிச்சேன். கதவ உள்பக்கம் தாப்பா போட்டுட்டுப் படுத்தேன் பாத்துக்க. பட்டாளத்து பாரக்ஸுலயும் தாப்பா கெடையாது, கிடங்கு வாசல்லயும் கெடையாது. ஒருத்தனும் வந்து எழுப்பல." போனிலேயே பெரிய கொட்டாவி விட்டான். "சரி, வை. இன்னும் கொஞ்சம் படுக்கேன்."