இரண்டாம் பக்கத்தின் கடைசி ஆறு நிமிடம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை ஒளித்துப் பயனில்லை, என் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழைக்காலம் வந்தால் பீர்க்கன்கரணை ஏரி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகத்தில் தாம்பரம் ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று மனைவி சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். பயப்படுகிற வேலை முழுக்க என்னுடையது, சிரிக்கிற வேலை அவளுடையது என்று வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது.

அந்த வருடம் அவள் கழுத்தில் இருந்த கட்டி வெளியே தெரிய ஆரம்பித்தது. அவளோடு பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அறுவை சிகிச்சை மருத்துவர் விரல்களால் அழுத்திப் பார்த்துவிட்டு, எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டார். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு, கொஞ்ச வருடமாக என்றாள். ஏன் என்னைப் பார்த்தாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

புற்று இல்லை என்று ஊசிப் பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறது, எடுத்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். அதன் பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு ஓடுகிறதாம், நூல் மாதிரி. கட்டி சிறிதாக இருந்தபோதே வந்திருந்தால் கவலையே இல்லை, இப்போது அது நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குரல் கம்மிப் போகலாம், அபூர்வமாக ஒரேயடியாகவும் போகலாம், சொல்ல வேண்டியது என் கடமை என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார். அவள் இரண்டாம் வகுப்பு டீச்சர். நாற்பது பிள்ளைகளை அடக்குகிற குரல், பள்ளிக்கூட கேட்டில் நின்றாலே கேட்கும். மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் என்று முடிவானது.

அந்தக் குரலை எப்படியாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி பிடித்தது. வீட்டில் ரிச்சி தெருக் கடைகளில் உதிரி பாகம் பொறுக்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் இருந்தது. சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோ கேசட்டுகளை சிடியாக மாற்றிக் கொடுத்து எனக்குக் கொஞ்சம் பழக்கமும் உண்டு. அவளையே உட்காரவைத்து மைக்கை நீட்டி, பேசு என்று சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். எப்படிச் சொல்வது? உயிரோடு இருப்பவரைக் கூப்பிட்டு, மாலை போடுகிற படத்துக்கு உட்காரச் சொல்வது போல அல்லவா அது. ஆகவே அவளுக்குத் தெரியாமல் பழைய ஒலிக் கேசட்டுகளைத் தேடினேன்.

கல்யாணமான புதிதில் நான் இரண்டு வருடம் வளைகுடாவில் இருந்தேன். அப்போது போனில் பேசுவது எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகாது. ஊருக்குப் போகிறவர் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்புவோம், திரும்பி வருகிறவர் கையில் பதில் வரும். அதே கேசட்டில்தான் பதிலும் வரும். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவதுதான் எல்லோருக்கும் வழக்கம். வீட்டில் பதிவு செய்யும்போது அம்மா முதலில் பேசுவாள், பிறகு அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் கூட. புது மருமகள் கடைசியில். எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, சாப்பிட்டீங்களா, உடம்பைப் பாத்துக்குங்க, வச்சிடட்டுமா என்று மூன்று வார்த்தை. அவ்வளவுதான் அவள் பங்கு.

பரணில் ஐந்து கேசட் கிடைத்தன. எங்கள் டேப் ரெக்கார்டர் பல வருடமாக ஓடாமல் கிடந்ததால், தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்த பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ரப்பர் பெல்ட்டை மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, கம்ப்யூட்டரில் சொருகுவதற்கு ஒரு ஒயரும் செய்து கொடுத்தார். விஷயத்தை அவரிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் கேசட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், எங்க வூட்லயும் ஒரே கேசட்டுதான் போய்கினு வந்துகினு இருந்துச்சு. இதுல கடைசியா பேசினது யாரு, அவங்க குரல்தான் கீது. உங்க வூட்டம்மா குரல் இருக்கும்னு ரொம்ப நம்பாதீங்க."

எனக்கு வாரவிடுப்பு புதன்கிழமை. அவளும் மகளும் காலையில் பள்ளிக்குக் கிளம்பியதும் வேலையை ஆரம்பித்தேன். இந்த வேலையில் அவசரம் நடக்காது. அரை மணி நேரப் பக்கம் என்றால் அரை மணி நேரம் ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். டேப் ரெக்கார்டரிலிருந்து ஒயர் வழியாக ஒலி கம்ப்யூட்டருக்குள் போகும், திரையில் பச்சைக் கோடு துள்ளும், சத்தம் கூடினால் உயரும், குறைந்தால் தாழும். முதலில் பெரிய வேவ் ஃபைலாகச் சேமித்து, பிறகு சின்ன எம்பி த்ரீயாக மாற்றுவேன். நாடா அறுந்துவிடுமோ, கரண்ட் போய்விடுமோ என்று நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். யுபிஎஸ் ஒரு முறை கூவியதற்கே எனக்கு வேர்த்துவிட்டது.

பாய் சொன்னது சரியாகப் போயிற்று. முதல் கேசட்டில் என் குரல். இரண்டாவதிலும் என் குரல். இரண்டு பக்கமும் நான்தான். அம்மா, எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. அண்ணா, பட்டா விஷயம் என்னாச்சு. இங்கே வெயில் தாங்கவில்லை, ரூமில் கூலர் கெட்டுப்போச்சு. மூக்கால் அழுகிற அந்த இளைஞனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. அவள் பேசியதன் மேல் ஏறி உட்கார்ந்து ஊறுகாய் கேட்டிருக்கிறான். மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. இரண்டு புதன்கிழமைகள் போய்விட்டன. ஆபரேஷனுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

மூன்றாவது புதனன்று போட்ட ஐந்தாவது கேசட்டின் முதல் பக்கத்திலும் நானே இருந்தேன். ஏதோ சலிப்பில் பதிலை ஒரு பக்கத்தோடு முடித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டபோது வீட்டாரின் பேச்சு அழியாமல் வந்தது. அண்ணன் முடித்தார், பிள்ளைகள் திருக்குறள் சொன்னார்கள், கடைசியில் அவள். சாப்பிட்டீங்களா, உடம்பைப் பாத்துக்குங்க, வச்சிடட்டுமா. டக்கென்று ஒரு சத்தம். பிறகு வெறும் இரைச்சல். மூன்று வார்த்தையாவது மிஞ்சியதே என்று கண் கலங்கிவிட்டது. மிச்ச நாடா காலியாக ஓடட்டும் என்று விட்டுவிட்டு டீ போடப் போனேன்.

டம்ளரோடு திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். பச்சைக் கோடு நெடுந்தூரம் தட்டையாகப் போயிருந்தது. அதற்கப்புறம் மறுபடி துள்ளிக்கொண்டிருந்தது. ஒலியைக் குறைத்து வைத்திருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. பக்கம் முடியும் வரை காத்திருந்து, அந்த இடத்துக்குப் போய் ஒலியைக் கூட்டினேன்.

"என்னங்க, எல்லாரும் திருநீர்மலைக்குப் போயிருக்காங்க. தலைவலின்னு சொல்லிட்டு நான் போகலை. உங்ககிட்ட தனியா பேசணும்னுதான் இருந்துட்டேன். இங்க யாரும் கேட்டுடக் கூடாதுன்னு கேசட்டைக் கடைசி வரைக்கும் தள்ளி வச்சுப் பேசறேன். கழுத்துல சின்னதா ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. கோலிக்குண்டு அளவுதான். வலி இல்லை. யார்கிட்டயும் சொல்லலை. வந்த ஆறு மாசத்துல சீக்குக்காரின்னு பேர் வந்துடுமோன்னு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போகணுமா? நீங்க சொன்னா போறேன். நீங்க சொல்லாம போக மாட்டேன்."

அதற்கு மேலும் பேசியிருந்தாள். பயமாக இருக்கிறது என்று மூன்று நான்கு முறை சொன்னாள். நடுவில் குக்கர் விசில் அடித்தது. ஆறு நிமிடம். பிறகு கேட் திறக்கும் சத்தம், அவசரமாகப் பொத்தானை அமுக்கும் சத்தம்.

வளைகுடாவில் ஒரு அறையில் எட்டு பேர் இருந்தோம், ஒரே டேப் ரெக்கார்டர். வெள்ளிக்கிழமை முறை போட்டுக் கேட்போம். அவள் வச்சிடட்டுமா என்றதும் நான் நிறுத்தி, அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவேன். வெற்று இரைச்சலுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். சிறிதாக இருந்தபோதே வந்திருந்தால் என்று மருத்துவர் சொன்னது மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. மற்ற நான்கு கேசட்டுகளிலும் இப்படி ஏதாவது சொல்லியிருந்தாளா, அதன் மேல்தான் ஊறுகாய் கேட்டேனா என்பது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை.

எம்பி த்ரீயாக மாற்றும்போது, காதுக்குத் தெரியாததை எல்லாம் கழித்துவிட்டுத்தான் ஃபைலைச் சின்னதாக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். காதுக்குத் தெரியாதது எது என்று முடிவு செய்கிற தைரியம் எனக்கில்லை. பெரிய ஃபைலாகவே வைத்துவிட்டேன்.

அடுத்த சில நாட்கள் அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். சொன்னால், ஆபரேஷனுக்குப் போகிற நேரத்தில் மனதை உடைத்தவனாவேன். சொல்லாமல் விட்டு, அப்புறம் குரல் போய்விட்டால்? என்னைத் திட்டுவதற்காவது அவளுக்குக் குரல் வேண்டாமா? மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தின நாள் மாலை, மாற்றுப் புடவைகளைப் பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். கேசட்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தின் கடைசியை இந்த வாரம்தான் முதல் தடவையாகக் கேட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"பதில் கேசட் வந்தப்போ, ராத்திரி எல்லாரும் தூங்கினதும், ரெண்டாவது பக்கத்துல ஏதாவது சொல்லியிருப்பீங்கன்னு திருப்பிப் போட்டேன். நான் பேசினதே வந்துச்சு. அப்படியே இருந்துச்சு. நீங்க கேக்கலையா, இல்லை கேட்டும் பெருசா எடுத்துக்கலையான்னு தெரியலை. எதுன்னு உங்களைக் கேக்க பயமா இருந்துச்சு. அந்தக் கேசட்டை அதுக்கப்புறம் நான் அனுப்பலை."

மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கலாமே என்றேன். நான் ஊருக்குத் திரும்பியே எத்தனை வருடம் ஆகிறது, ஒரே வீட்டில்தானே இருந்தோம் என்றேன். குற்றவாளி நீதிபதியைக் கேள்வி கேட்பது போல இருந்தது எனக்கே.

"ஒரு தடவை சொல்றதுக்கே அவ்ளோ நாள் ஆச்சுங்க" என்றாள்.

பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுச் சாதம் வைக்கப் போனாள். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஆபரேஷன் நான்கு மணி நேரம் நடந்தது. மாலையில் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவர் குனிந்து, பேரைச் சொல்லுங்கம்மா என்றார். அவள் சொன்னாள். தகரத்தைத் தரையில் இழுப்பது போல ஒரு கரகரப்பு, ஆனால் குரல். நரம்பு தப்பித்துவிட்டது, வீக்கம் வடிய நாளாகும், அதிகம் பேசவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வராந்தாவில் போய் நின்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

மறுநாள் காலை மகள் இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். அவள் விரலை அசைத்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குனிந்தேன். "அந்தக் கேசட்ல நான்..." என்று ஆரம்பித்தாள். அந்தக் கரகரப்பு என் காதில் விழுந்ததும் பழைய பயம் முழுசாக எழுந்து வந்துவிட்டது. பேசாதே, பேசாதே, டாக்டர் பேசக் கூடாது என்றிருக்கிறார், எதுவானாலும் அப்புறம் சொல்லு என்று படபடத்தேன். தண்ணீர் டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். டம்ளரைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லு, மெதுவாகச் சொல்லு, கேட்கிறேன் என்று கெஞ்சினேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு மாதத்தில் குரல் திரும்பிவிட்டது. பழைய கணீர் இல்லை, பள்ளிக்கூட கேட் வரை எட்டாது, மூன்றாவது பெஞ்சு வரை எட்டுகிறது. அவளுக்கு அது போதுமாம். அன்று என்ன சொல்ல வந்தாய் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே மறந்துபோச்சு என்கிறாள். அவள் எதையும் மறக்கிறவள் இல்லை.