தலைமுடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு

லேப் கதவைத் தொடுவதற்கு முன்னால் முருகேஸ்வரி பக்கத்து ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுக்கிறார். பத்துத் தடவை போனாலும் பத்துத் தடவையும் இதே கதைதான். கல்லூரி லீவில் பட்டாசு கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போன காலத்துப் பழக்கம் அது. அங்கே வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். "இங்கன வெடிக்க என்னக்கா இருக்கு?" என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள். "மூளைக்குத் தெரியுதுடி, கைக்குத் தெரியலையே" என்பார், நாற்பத்தாறு வயதில் வெட்கப்பட்டுக்கொண்டு.

சிவகாசியில் ஒரு நடுத்தரமான ஆஸ்பத்திரி, மாடியில் இரண்டு அறைகள். அதுதான் அவர் ராஜ்யம். புண்ணிலிருந்து எடுத்த சீழை, ஜெல்லி போல உணவு உறைந்திருக்கும் சின்னத் தட்டில் தடவி வைப்பார். மறுநாள் அதில் முளைத்திருக்கும் கிருமி எது, எந்த மருந்துக்கு அது மசியும் என்று கண்டுபிடித்துச் சொல்வார். வேலை என்னவோ கிருமியைக் கொல்ல வழி தேடுவதுதான். ஆனால் அந்தக் கிருமி மேல் அவருக்கு இருக்கிற மரியாதை இருக்கிறதே, அடேயப்பா!

அதிலும் அதன் தோல். புத்தகம் செல்சவ்வு என்று சொல்வதை அவர் தோல் என்றுதான் சொல்வார். "எண்ணெய்ப் பசைதாங்க, ரெண்டே வரிசை. தலையெல்லாம் தண்ணியைப் பாத்து நிக்கும், வாலெல்லாம் உள்ளுக்குள்ள ஒளிஞ்சுக்கிடும். ஒரு தலைமுடியைப் பத்தாயிரமா வகுந்தா ஒரு பங்கு வருமா? அம்புட்டுத்தான் அதோட கனம். கொத்தன் உண்டா, மேஸ்திரி உண்டா? தண்ணியில விட்டா தானா வரிசை கட்டிருதுங்க!"

அந்தச் சுவரில் புரதத்தால் ஆன வாசல்கள் உண்டு. ஒவ்வொரு வாசலும் ஆள் பார்த்துத்தான் விடும். "தீப்பெட்டியோட வந்தா கம்பெனி கேட்ல விடுவாகளா? அதே கதைதான். வெளிய துளியூண்டு சத்து கிடந்தாலும், உள்ள நிறைய இருக்கேன்னு சும்மா இருக்காது. பாடுபட்டு அதையும் இழுத்துப் போட்டுக்கிடும். விசம்னா, பம்பு வச்சிருக்குங்க பம்பு! உள்ள நுழைஞ்ச மருந்தைக் களுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிரும்." சொல்லும்போதே அவர் கையில் மயிர் சிலிர்த்திருக்கும்; நீட்டிக் காட்டுவார்.

போன மாசியில் பாண்டிமீனா வந்து சேர்ந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு யூனிட்டில் சரவெடி பின்னுகிறவள். இருபத்தெட்டு வயது. வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சல் நூற்று மூன்று. "சனிக்கிழமைக்குள்ள இறங்கலேன்னா மூணு விரலை எடுத்துர வேண்டியதுதான்" என்று டாக்டர் சபரிநாதன் சொல்லிவிட்டார். விரல் போனால் பின்னுவது எங்கே, பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது எங்கே?

செவ்வாய்க்கிழமை காலை அவள் சீழைத் தடவி வைத்த தட்டு பளிங்காக இருந்தது. ஒரு புள்ளி கிடையாது. கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். முருகேஸ்வரிக்கு மனசு ஒப்பவில்லை. "அனலாக் கொதிக்கிறா, கிருமி இல்லையாம்ல? யாருகிட்ட!" என்று முணுமுணுத்துக்கொண்டே வார்டுக்கு இறங்கிப் போனார்.

கட்டிலருகே புருஷன் கண்ணுச்சாமி நின்றான். அவன் சட்டைப் பையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. தீக்காயக் களிம்பு. இந்தப் பக்கத்து ஆட்கள் சீப்பு இல்லாமல் வெளியே போனாலும் போவார்கள், களிம்பு டியூப் இல்லாமல் போக மாட்டார்கள்.

"நேத்து சீழ் எடுக்க முன்ன இதைப் பூசினீகளா?"

"கட்டைப் பிரிச்சுப் போட்டுட்டு நர்ஸம்மா அந்தப் பக்கம் போயிட்டாக. புண்ணு வெறிச்சுன்னு கிடந்துச்சுக்கா, பாக்க முடியல. நான்தான் பூசினேன்."

களிம்பு மேலாகக் கிடந்த கிருமியைக் கொன்றுவிட்டது. ஆழத்தில் இருந்தது பத்திரமாக இருந்தது. முருகேஸ்வரிக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவன் கண்ணைப் பார்த்தபின் திட்ட வாய் வரவில்லை. உப்புநீரால் புண்ணைக் கழுவச் சொல்லி, ஆழத்திலிருந்து மறுபடி சீழ் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

புதன்கிழமை தட்டைத் திறந்தால் பன்னீர் திராட்சை வாசம். தட்டு முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. "வந்துட்டியா மகராசி" என்றார். ஒன்றுக்கு இரண்டாகத் தோல் போர்த்திய பொல்லாத சாதிக் கிருமி அது. அதைப் புதுத் தட்டில் பரப்பி, ஆறு மருந்து வில்லைகளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வியாழன் காலை ஐந்து வில்லைகளைச் சுற்றிக் கிருமி கொஞ்சமும் சட்டை செய்யாமல் விளிம்பு வரை வளர்ந்திருந்தது. அந்த ஐந்து மருந்தில் எதையும் உள்ளே வைத்துக்கொள்ளவில்லை. ஆறாவது வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி செத்துத் தெளிந்த ஒரு வட்டம். ஸ்கேலை வைத்தார். இருபத்தொரு மில்லிமீட்டர், தேவைக்கு மேலேயே. போனை எடுத்தார். "சார், அமிக்காசின் மருந்துக்கு மசியுது சார். உடனே போடுங்க."

அது மட்டும் எப்படி உள்ளே போனது என்று பிறகு நர்ஸுகள் கேட்டார்கள். "அதாவே இழுத்துக்கிட்டதுடி! அந்தத் தோலுக்கும் கரண்டு உண்டு. சத்தை உள்ள இழுக்கத் துணை நிக்கிற அதே கரண்டு, இந்த மருந்தையும் இழுத்துருச்சு. நாம என்னத்தப் பெருசாச் செஞ்சோம்!" என்றார்.

சனிக்கிழமை காய்ச்சல் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கியது. விரல்கள் மூன்றும் தப்பின. மூன்றாம் வாரம் டிஸ்சார்ஜ் அன்று பாண்டிமீனா கட்டுப் போட்ட கையோடு மாடி ஏறி வந்தாள். "என்னைப் படுத்தினதை ஒருக்கா பாக்கணும்க்கா."

சூட்டில் கொன்று சாயமேற்றி வைத்திருந்த ஸ்லைடை முருகேஸ்வரி மைக்ராஸ்கோப்பில் பொருத்தி, தன் நாற்காலியை விட்டு எழுந்தார். பாண்டிமீனா குனிந்து பார்த்தாள்.

"கலங்கலா இருக்கே, ஒண்ணும் தெரியலையேக்கா."

முருகேஸ்வரி மைக்ராஸ்கோப்பின் குமிழைத் திருப்பிச் சரிசெய்து கொடுக்கவில்லை. அவளுடைய வலது கையை மெல்ல எடுத்து, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைக் குமிழின் மேல் வைத்துவிட்டு, தன் கையை எடுத்துக்கொண்டார்.