மூத்தவளுக்குத் தண்ணீர்

கிளிக்கூண்டைத் துடைத்துக்கொண்டே அம்மாள், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் செடியையும் ஒரு பிடி பிடிப்பார். "இளையவன் எப்படிப் பேசறான் பாரு. நீ வாயைத் திறந்தா முத்து உதிர்ந்திடுமா?"

பூங்காவின் கண்ணாடிக்கூடத்தைப் பராமரிக்கும் அந்த அம்மாளுக்கு, மழைக்காட்டுப் பஞ்சவர்ணக்கிளி இளையவன். மலைப்பாறை இடுக்கிலிருந்து வந்த, பூவும் விதையும் அறியாத செடி மூத்தவள். உலகத்தில் பூ என்ற ஒன்று தோன்றுமுன்பே இருந்த வம்சமாம். மூத்தவள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

இரண்டையும் ஒப்பிடாமல் அவருக்குப் பொழுது போகாது. அவன் கொட்டையை உடைத்துப் பாதியை இறைப்பான். அவள் நாலு சொட்டுத் தண்ணீரில் நாளை ஓட்டிவிடுவாள். அவனுக்கு வெக்கை வேண்டும், அவளுக்குக் குளிர்ச்சி. இரு பக்கமும் ஓடி ஓடி அம்மாளின் முந்தானை எப்போதும் ஈரம்தான்.

புதிதாக வந்த கண்காணிப்பாளர், பிள்ளைகள் சௌக்கியமா என்று ஒருநாள் விசாரித்தார். "மூத்தவளுக்குக் காலையிலயே தண்ணி தெளிச்சு விட்டுட்டேன், சார்" என்றார் அம்மாள். பெற்ற மகளைக் கைகழுவிவிட்டார் போலிருக்கிறது என்று பதறிய மனிதர், வயசுக் கோளாறு, போகப்போகத் திருந்திவிடுவாள் என்று வெகுநேரம் ஆறுதல் சொன்னார். விஷயம் தெரிந்ததும் எல்லோரையும்விட அவர்தான் அதிகம் சிரித்தார்.

போன மாதம் அம்மாளுக்குக் காய்ச்சல். அவர் வராத நாட்களில் கிளி கூடமே அதிரக் கத்திச் சாப்பாடு வாங்கிக்கொண்டது. செடியை யாரும் நினைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால், பழுப்பேறி, மூடிய கைபோலச் சுருண்டு கிடந்தது. "கேட்டு வாங்கத் தெரியாத ஜென்மம்" என்று திட்டியபோது அம்மாளின் குரல் உடைந்துவிட்டது.

கண்காணிப்பாளர் தொட்டுப் பார்த்தார். ஓரம் சருகாக நொறுங்கியது. "இதுக்கு நிஜமாவே தண்ணி தெளிச்சு விட்டுட வேண்டியதுதான், அம்மா" என்றார் வருத்தத்தோடு. சரி என்று தலையாட்டிய அம்மாள், அவர் நகர்ந்ததும், சொன்னதைச் சொன்னபடியே செய்தார். செம்பில் கைவிட்டு அன்று பூராவும் தெளித்துக்கொண்டிருந்தார். அடிமனதில் அவருக்கும் நம்பிக்கை இல்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது சுருள்கள் விரிந்திருந்தன. நுனிகளில் பச்சை. காய்ந்தால் சுருண்டு கிடந்து, நனைந்தால் விரிகிற வம்சம் அது.

"தண்ணி தெளிச்சாச்சா?" என்று வழக்கம்போல அம்மாளின் குரலிலேயே கேட்டது கிளி. எப்போதும் அதற்குப் பதில் சொல்கிறவர், அன்று செடியிலிருந்து கண்ணை எடுக்காமலே உதட்டில் விரல் வைத்து, இளையவனைப் பேசாமலிருக்கச் சொன்னார்.