தங்கத்தில் வருகிற க

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொல்லித்தான் நைனா என்னை ஆந்திர எல்லையோரத்து நகரியிலிருந்து திருப்பதிக்கு இதழியல் படிக்க அனுப்பினார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பவர்லூம் தறி ஓட்டுகிறவர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று வளர்ந்த எனக்கு வாய்க்கு என்ன குறை? தெலுங்கு எழுத்தைப் படிக்கத்தான் கொஞ்சம் திணறுவேன். படித்தது தமிழ்ப் பள்ளி.

படிப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்கள் ஐதராபாத்துக்கு ரயிலேறினார்கள். நான் திருப்பதியிலேயே ஒரு சின்னத் தெலுங்குச் சேனலில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். செய்தி வாசிக்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. வாசிப்புத் தேர்வுக்குத் தாளைக் கொடுத்தபோது முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சூளூர்பேட்டையில் பலத்த காற்று என்பது செய்தி. காற்றுக்குத் தெலுங்கில் 'காலி'. தங்கத்தில் வருகிற 'க' போட வேண்டும். கல்லில் வருகிற 'க' போட்டால் அது நம்முடைய காலி, வெறுமை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். சூளூர்பேட்டையில் பலத்த வெறுமை வீசுகிறது என்று கேமராவைப் பார்த்துக் கம்பீரமாக அறிவித்தேன்.

எடிட்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அரவ அம்மாயிவா?" என்றார். தமிழ்ப்பெண்ணா என்று அர்த்தம். அன்றிலிருந்து ஆபீசில் என் பெயரே காலி. டீ கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசிக்க விடாமல் திரைக்கு அடியில் ஓடுகிற டிக்கர் வரி தட்டச் சொன்னார்கள். மத்தியானம் யாரும் கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். அறைக்குப் போனால் சுவர்தான் துணை. அதன் முன்னால் நின்று தெலுங்குப் பேப்பரைச் சத்தம் போட்டு வாசித்தேன். அப்படியே எட்டு மாதம் ஓடியது. நாக்கு ஒருவழியாகத் திரும்பியது.

ஒருநாள் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. என்னை உட்கார வைத்தார்கள். ஒரு பிழை இல்லை.

முடிந்ததும் நைனா போன் செய்தார். "தறியெல்லாம் நிறுத்திட்டுப் பாத்துக்கினு இருந்தேன்மா. சுத்தமா படிச்சே. ஒரு எடத்துலகூட நம்ம ஊட்டுப் பொண்ணுன்னே தெரில!"

பெருமையாகத்தான் சொன்னார். அடுத்த மூச்சில், "துன்னியாமா?" என்றார்.

"துன்ட்டேன் நைனா" என்றேன். துன்னவில்லை. அன்றைக்கு என் வாயில் வந்த முதல் தமிழ் அதுதான்.