நான் ஓட்டிவிட்ட நான்கு நிமிடங்கள்

போன வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில், அத்தனை பிள்ளைகள் முன்னால், ஒரு மாணவி என்னையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டாள். இருபது வருஷ டீச்சர் உத்தியோகத்தில் இது எனக்குப் புதுசு!

அவள் பெயர் புத்னி. அப்பாவும் அம்மாவும் ஜார்க்கண்டிலிருந்து வந்து, திருப்போரூர் பக்கம் அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் வேலை பார்க்கிறார்கள். வந்து மூன்று வருஷமாகிறது. இந்தப் பக்கத்துத் தமிழை என்னைவிட நன்றாகவே பேசுவாள். ஆனாலும் வகுப்பில் அவளுக்குப் பெயர் ‘இந்திக்காரி’. அவர்கள் வீட்டில் பேசுவது முண்டாரி — இந்தியே இல்லை. யாருக்கு அந்தக் கவலை?

போன மாதம், ஊரிலிருந்து வந்த சிவப்பெறும்புச் சட்னியைச் சோற்றோடு கொண்டுவந்துவிட்டாள். அவ்வளவுதான்... ‘எறும்பு’ என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. ஒரு வாரம் ஆளைக் காணோம். அவள் அப்பாவுக்கு போன் போட்டேன். “ஸ்கூல் வேணாம் சொல்றா, மேடம். ஊருக்கு அனுப்பிடுறேன்” என்றார்.

எனக்குக் கோபமான கோபம். கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பெண்ணை விடுவேனா? பத்து நாள் டைம் கேட்டு, அவளை வகுப்புக்கு வரவழைத்தேன். அவர்கள் பக்கத்து மலைக் கிராமத்தில் எடுத்த படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில் ஸ்மார்ட் போர்டில் போட்டேன். அட்வைஸ் செய்தால் எந்தப் பிள்ளை கேட்கிறது? சினிமா என்றால் கண் கொட்டாமல் பார்க்கும்.

பார்த்தார்கள். படத்தில் அக்காவும் தம்பியும் சண்டை போட்டபோது சிரித்தார்கள். அவர்களுடைய அம்மா வேலை தேடி ரயிலேறியபோது கடைசி பெஞ்சுகூட கப்சிப். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

அப்புறம் வந்தது அந்தக் காட்சி. மரத்திலிருந்து எறும்புக் கூட்டைப் பறித்து, அம்மியில் வைத்து... ஐயையோ! இருக்கிற கிண்டல் போதாதா? தவிர, நான் சுத்த சைவம். முட்டை வாசனைக்கே மூக்கைப் பொத்துகிறவள். சட்டென்று நான்கு நிமிடம் தள்ளி ஓட்டிவிட்டேன்.

புத்னி எழுந்தாள்.

“இன்னா டீச்சர், அத்த மட்டும் ஓட்டிட்டீங்க? எங்க வூடு அதுலதான் கீது.”

“இல்லம்மா... உன்னைக் கிண்டல் பண்ணுவாங்களேன்னு...”

“அவுங்கதான் சீன்னாங்க. நீங்களுமா?”

சுருக்கென்று தைத்தது. எல்லார் முன்னாலும் ‘ஸாரி’ சொன்னேன். படத்தைப் பின்னால் ஓட்டி, அந்தக் காட்சியை முழுசாகப் போட்டேன்.

“சீ...” என்று இரண்டு குரல்கள். உடனே மூன்றாவது பெஞ்ச் செல்வி — வாயே திறக்காத உள்ளூர்ப் பெண் — திரும்பி வெடித்தாள்.

“இன்னாடி சீ? மழ பேஞ்சா எங்க வூட்ல ஈசல் புட்ச்சி, வறுத்து, அரிசியோட துன்னுவோம். செம டேஸ்ட்டு! நீங்க சிரிப்பீங்கன்னுதான் இத்தினி நாளா சொல்லல.”

“எங்க வூட்லயுந்தான் டீச்சர்!” என்று ஜன்னலோரத்தில் இன்னொரு கை. யாரோ புத்னியிடம், “எறும்பு புளிக்குமாடி?” என்று கேட்டாள். “எலுமிச்சங்கா மாரி புளிக்கும்” என்றாள் அவள். பெல் அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

இத்தனை வருஷம் ஒரே வகுப்பு... பக்கத்து பெஞ்சுக்காரி வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஜார்க்கண்ட் வரை போய்வர வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

திங்கட்கிழமை காலை புத்னி நேராக என்னிடம் வந்தாள். “ஊருக்குப் போவலன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன், டீச்சர்.” அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று சாயங்காலமே ஒரு மாணவியின் அப்பா போனில் பிடித்துக்கொண்டார்.

“ஸ்கூல்ல பூச்சி தின்கிற படமா மேடம் காட்டுவீங்க?”

“ஆமா சார். அடுத்த வாரம் ஏழாம் வகுப்புக்கும் காட்டப் போறேன்.”

“அந்த சீனை மட்டுமாவது கட் பண்ணியிருக்கலாமே?”

“பண்ணினேன் சார். அதுக்குத்தான் ஒரு பொண்ணுகிட்ட ஸாரி கேட்டேன்.”