நான் உட்கார்ந்த நாள்

1942-ஆம் வருஷம், ஆனி மாதம். பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது என்னிடம் இருந்தது கட்டியிருந்த புடவையும் ஒரு அலுமினியக் குவளையும்தான். ரங்கூனிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு கப்பலில் இடம் கிடைக்காத எங்களைப் போன்றவர்கள் காடும் மலையும் ஏறி, நடந்தேதான் இந்தியாவுக்குள் வந்தோம். அதற்குப் பிறகுதான் ரயில். நடக்கத் தொடங்கியபோது என் கணவரும் கூட இருந்தார். பொம்மிடியில் இறங்கியபோது நான் மட்டும்தான்.

ஸ்டேஷனில் யாரோ சொல்லி அனுப்ப, என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. அவரிடம் நான் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு, "வண்டியில ஏறி உக்காரும்மா, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

நான் உட்கார மாட்டேன் என்றேன். ரயிலிலும் நின்றேதான் வந்திருந்தேன். முதலில் அவர், துக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்தார். வண்டி முன்னால் போக, நான் பின்னால் ஊர்வரை நடந்தே வந்தேன். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு ஊரில் மாதக்கணக்கில் ஓயவில்லை.

ராத்திரி எல்லோரும் படுக்கும்போது நானும் படுத்துக்கொள்வேன். ஆனால் பொழுது விடிந்து பொழுது சாயும்வரை உட்கார மாட்டேன். களியையும் கீரைக் குழம்பையும் தட்டில் வாங்கிக்கொண்டு சுவரோரம் நின்றே சாப்பிடுவேன். இது மட்டும் என்றால் எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தாலும் எனக்குப் பொறுக்காது. வழியில் யாராவது மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தால் போதும், ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடுவேன். "எந்திரிங்க, எந்திரிங்க, நடங்க" என்பேன். இழுக்கும்போது எனக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வருமோ தெரியாது. ஊர்க் கவுண்டரையே அப்படி ஒருநாள் இழுத்துவிட்டேன். பாவம், நல்ல தொந்திக்காரர், எழுந்திருக்கவே அவருக்கு இரண்டு ஆள் வேண்டும்!

இப்போது சிரிக்கிறேன். அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும் வரவில்லை.

சந்தை நாளில்தான் பெரிய கூத்து. சந்தை என்றாலே எல்லோரும் தரையில் உட்கார்ந்துதானே விற்பார்கள்! சித்தேரி மலையிலிருந்து புளியும் சாமையும் தேனும் சுமந்துகொண்டு வருகிறவர்கள், மூட்டையை இறக்கிவிட்டு அப்பாடா என்று உட்காருவார்கள். அவர்களில் புளி விற்கிற ஒரு மலைக்காரர், நடுவயது ஆள். அவரைப் போய் நான் பிடித்து இழுத்தேன். சுற்றி நின்ற கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"உக்காந்தா என்ன ஆவும்மா?" என்று கேட்டார்.

"செத்துருவீங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். அடுத்த சந்தைக்கு நான் போனபோது, தூரத்தில் என்னைக் கண்டதுமே தானாக எழுந்து நின்றுகொண்டார். அதற்கடுத்த சந்தையிலும் அப்படித்தான். நான் கடந்து போகும்வரை நின்று, பிறகு உட்காருவார். முன்பின் தெரியாத மனிதர். மலையிலிருந்து சுமையோடு இறங்கி வந்த கால்கள் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

வீட்டில் எனக்கு வைத்தியம் தொடங்கியது. கருமாதி நடக்காத தம்பியின் ஆவிதான் என்மேல் ஏறியிருக்கிறது என்று மூத்தார் முடிவு கட்டினார். காரியத்தையும் செய்து, பூசாரியையும் அழைத்தார்கள். உடுக்கை அடித்தபடி பூசாரி, "யார் நீ? சொல்லு" என்று கேட்டார். நான் என் பெயரைச் சொன்னேன். வேப்பிலைக் கொத்தால் அடி விழுந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் என் பெயரை, என் அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னேன். கொத்து போய்ச் சாட்டை வந்தது. என் கணவரின் பெயரைச் சொல்லியிருந்தால் அப்போதே விட்டிருப்பார்கள், ஊரும் திருப்தியாகக் கலைந்து போயிருக்கும். நான் சொல்லவில்லை. புத்தி பேதலித்தவள் என்று ஊரே சொன்ன அந்த நேரத்திலும் நான் யார் என்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கடைசியில் பூசாரிதான் களைத்துப் போனார்.

பிறகு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். என்னோடு வந்தது என் நாத்தனார், என் கணவருக்கு அக்கா. அடுத்த வீட்டில்தான் இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். டாக்டர் நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், ஒரு புட்டியில் சிவப்பு மருந்து கொடுத்தார். மருந்து குடித்தால் தூக்கம் வந்தது. அதுவரை கண்ணை மூடினாலே திடுக்கிட்டு விழித்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய உபகாரம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் விடிந்ததும் பழைய கதைதான். இரண்டாம் தடவை போனபோது டாக்டர் அண்ணியிடம், "இந்த அம்மா எதற்கோ பயப்படுகிறார். எதற்கு என்று மருந்துக்குத் தெரியாது. யாராவது அவரிடம் கேட்டீர்களா?" என்றார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு திரும்பும்வரை விடவே இல்லை.

இதற்கிடையில் மூத்தார் இன்னொரு முடிவு எடுத்துவிட்டார். புத்தி கலங்கியவர்களைக் கொண்டுபோய் விடுகிற கோயில் ஒன்று இருந்தது. அங்கே காலில் சங்கிலி போட்டுத் தூணில் பிணைத்துவிடுவார்கள். குணமானால் வீடு, ஆகாவிட்டால் அங்கேயேதான். "தை அறுப்பு முடியட்டும், வண்டி கட்டலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தம்பி மனைவியைப் பார்த்து ஊர் சிரிப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் நடந்து நடந்து உயிர் தப்பி வந்த இந்தக் கால்களுக்கா சங்கிலி! எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தும் கால்கள் மடங்க மறுத்தன.

அண்ணி வீட்டு நடையில் கேழ்வரகு அரைக்கிற திருகைக்கல் ஒன்று கிடந்தது. எங்கள் பக்கத்தில் தினமும் களிதானே! வெயில் தாழ்ந்ததும் எல்லா வீட்டிலும் கல் சுற்றுகிற சத்தம் கேட்கும். பெண்கள் இரண்டு பேர் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்து, ஒரே முளையை ஆளுக்கொரு கையாகப் பிடித்துச் சுற்றுவார்கள். அப்போது பேசாத பேச்சு இருக்காது. மாமியார் கொடுமை, புருஷன் அடித்தது, பிள்ளை தங்காதது, எல்லாம் அங்கேதான் வெளியே வரும். குனிந்த தலை நிமிராது, யார் முகத்தையும் யாரும் பார்க்கவேண்டியதில்லை. கல்லின் இரைச்சலில் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. அங்கே பேசியதை வெளியே போய்ச் சொல்லக்கூடாது என்பது பெண்களுக்குள் கட்டுப்பாடு. சொன்னவளோடு மறுபடி யாரும் அரைக்க உட்காரமாட்டார்கள்.

அண்ணியின் மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அவருக்கு அரைக்க ஜோடி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "நீ உக்கார வேணாம் புள்ள. நின்னுக்கிட்டே கேவுரு போடு, நான் சுத்தறேன்" என்றார். நான் நின்றபடி மேலிருந்து கல்லின் குழியில் தானியம் போட்டேன். பாதி குழிக்குள், பாதி வெளியே. கோழிகளுக்கு நல்ல வேட்டை. அண்ணி திட்டவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டார்:

"ஏன் புள்ள உக்காரக் கூடாது?"

நம்புங்கள், அதுவரை வீட்டில் யாருமே இதைக் கேட்கவில்லை. "உட்கார்" என்றார்கள், "உனக்கு என்ன பேய்" என்றார்கள். ஏன் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அன்று கொஞ்சம்தான் சொன்னேன். மலைப்பாதையில் கூட்டம் கூட்டமாக நடந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்காதது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பகலில் வழியோரம் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் மறுபடி எழுந்திருக்கமாட்டார்கள் என்பதைச் சொன்னேன். 'கொஞ்சம் இளைப்பாறிவிட்டு வருகிறேன்' என்று உட்காருவார்கள். பின்னால் வருகிறவர்கள் அவர்களைக் கடக்கும்போது ஈ மொய்த்துக்கொண்டிருக்கும். சாய்ந்து உட்கார்ந்தபடியே, குழந்தையை மடியில் வைத்தபடியே. சொல்லச் சொல்லத் தானியம் முழுக்கத் தரையில் விழும். அண்ணி அவசரப்படுத்தமாட்டார். "இன்னிக்கு மாவு போதும் புள்ள, நாளைக்கு அரைக்கலாம்" என்று நிறுத்திவிடுவார். மாவு போதாது என்று எனக்குத் தெரியும்.

இப்படியே ஐப்பசி, கார்த்திகை போய், மார்கழியும் பிறந்தது. ஒருநாள் என் கணவர் உட்கார்ந்த இடத்துக்கு என் பேச்சு வந்து சேர்ந்தது.

அவருக்குக் காலரா. நடக்க முடியாமல் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் இல்லாமல் நான் போகமாட்டேன் என்றேன். பேசவே சக்தி இல்லாத அந்த மனிதர் இரண்டு கையாலும் என்னைப் பிடித்துத் தள்ளினார். "எந்திரி. நீ உக்காராத. வூடு போய்ச் சேர்ற வரைக்கும் உக்காராத" என்றார். நான் எழுந்து நின்றேன். நின்றதைப் பார்த்த பிறகுதான் அவர் கண் மூடியது. இலைகளைப் பறித்து அவரை மூடிவிட்டு நடந்தேன்.

கல் நின்றது. இத்தனை நாளில் அண்ணி கல்லை நடுவில் நிறுத்தியது அன்றுதான். கூடப் பிறந்தவன் எப்படிப் போனான் என்று அவர் அப்போதுதான் தெரிந்துகொள்கிறார். முளையைப் பிடித்தபடியே அழுதார். நான் நின்றுகொண்டு அழுதேன். வெகுநேரம் கழித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வூடு போய்ச் சேர்ற வரைக்கும்னுதானே புள்ள சொன்னான்? நீ வந்து சேந்துட்ட. இதுதான் வூடு. அவன் சொன்னத நீ செஞ்சு முடிச்சுட்ட."

எனக்கு அந்த யோசனையே வந்ததில்லை. என் கால்கள் இன்னும் அந்த மலைப்பாதையிலேயே நின்றுகொண்டிருந்திருக்கின்றன. சுவரைப் பிடித்தபடி மெல்ல மெல்ல இறங்கினேன். பாதியில் மறுபடி எழுந்துவிட்டேன். அண்ணி சட்டென்று எழுந்து நின்றார். "நீ உக்காரு, நான் நிக்கறேன். ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா பயமில்ல" என்றார். அவர் நிற்க, நான் உட்கார்ந்தேன். ஒரு மூச்சு நேரம்தான். மறுநாள் இரண்டு மூச்சு. பொங்கல் வரும்போது நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து முழு மாவும் அரைத்தோம். கோழிகளுக்குத்தான் நஷ்டம்.

ஆனால் மூத்தார் நம்பவில்லை. "நடைக்குள்ள உக்காந்தா ஆச்சா? சந்தைக்குப் போய் யாரையும் புடிச்சு இழுக்காம வரட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றார். வண்டிக்கு அச்சாணி வரை பார்த்து வைத்திருந்தார்.

அறுப்பு முடிந்த அடுத்த சந்தைக்கு அண்ணியோடு போனேன். மூத்தார் வண்டியோடு பின்னாலேயே வந்தார். வேடிக்கை பார்க்க ஊரில் பாதியும் வந்தது. பார்த்த இடமெல்லாம் மனிதர்கள் தரையில். கத்தரிக்காய்க்காரி உட்கார்ந்திருக்கிறாள், வளையல்காரர் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் காதுக்குள் இரைந்தது. ஓடிப்போய் எல்லோரையும் எழுப்பவேண்டும் என்று கால் பரபரத்தது. முந்தானையைக் கையில் சுற்றி இறுக்கிக்கொண்டு, வந்து சேர்ந்துவிட்டேன், வந்து சேர்ந்துவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

புளிக்காரர் என்னைக் கண்டதும் வழக்கம்போல எழுந்து நின்றார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். கூட்டம் நெருங்கி வந்தது.

"உக்காருங்கண்ணா" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "உக்காரலாமாம்மா?" என்று கேட்டார்.

"உக்காரலாங்கண்ணா. நானும் உக்காரறேன்."

உட்கார்ந்தேன். அவர் புளி மூட்டைக்குப் பக்கத்தில், புழுதியில், பட்டப்பகலில், ஊரே பார்க்க உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். கையில் கொஞ்சம் புளி எடுத்துக் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மூத்தார் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். வீடு திரும்பும்போது வண்டியில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். ஏறி உட்கார்ந்து வந்தேன்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். இன்றைக்கும் சில நாள், காரணமே இல்லாமல் திடுக்கென்று எழுந்து நின்றுவிடுவேன். கொஞ்சநேரம் நின்றுவிட்டு, வீடுதான் என்று பார்த்துக்கொண்டு, மறுபடி உட்காருவேன். யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களில் ரயில் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிற ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார். அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தாள். "பூசாரிய கூப்பிடட்டுங்களாக்கா?" என்று கேட்டாள். "மொதல்ல டாக்டர்கிட்ட போ. அப்பறம் ஏன்னு அவர்கிட்டயே கேளு. பதில் வர்ற வரைக்கும் காத்திரு" என்றேன். அதற்குப் பிறகு அப்படி எத்தனையோ பேர் வந்தார்கள். இப்போது மனசு உடைந்தவர்களைப் பேசவைத்துக் குணப்படுத்த என்றே படித்தவர்கள் பட்டணத்தில் இருக்கிறார்களாம். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. எங்களுக்குத் திருகைக்கல்தான் கிடைத்தது.

வருகிறவர்களிடம் "வாங்க, உக்காருங்க" என்பது எல்லா வீட்டிலும் சொல்கிற சாதாரண வார்த்தைதான். அந்த வார்த்தையை நான் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், அவர் சொன்னபடி வீடு வந்து சேர்ந்தவள் நான் என்ற பெருமையோடுதான் சொல்கிறேன், இதைக்கூட உட்கார்ந்தபடியேதான் எழுதியிருக்கிறேன்.